பதினொரு பேர் பார்க்கிறார்கள்

இந்த ஊருக்கு வசந்தம் கிடையாது.
மார்ச் விடுமுறை உண்டு.
அதில் ஒரு சனிக்கிழமை
ஈரம் காயாத யீஷூன் திடலில்
எங்களை நாங்களே எதிர்த்து ஆடுவோம்.
ஆரஞ்சு மேலங்கி ஒரு பக்கம்,
அதைத் துவைத்துக் கொண்டுவர மறந்தவர்கள் மறுபக்கம்.

இதை நேரலையில் காட்டலாமா என்று
கூட்டம் போட்டார்கள்.

காட்டலாம் என்றார்
விளம்பரதாரரைத் தேடிக்கொண்டிருக்கும் துணைமுதல்வர்.
பயிற்சியாளர் ரோஸ்லான் ஒப்பவில்லை.
"சமையலறைக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தால்
சமைக்கிறவன் கரண்டியை நக்கிப் பார்க்க மாட்டான்.
உப்பு எப்படித் தெரியும்?
அதோடு, ஏப்ரலில் எதிரே நிற்கப்போகிறவர்கள்
நம் நான்கு கார்னர் கிக்கையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்."
இரண்டுதானே சார் இருக்கிறது என்றான் வெய் ஜியே.
சிரித்தோம்.
பிறகு கை தூக்கச் சொன்னார்கள்.

நான் தூக்கினேன், காட்டலாம் என்று.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

மாற்றுக் கோல்கீப்பர் நான்.
இரண்டு வருடத்தில் ஒரு போட்டிகூட ஆடியதில்லை.
யூசோஃப் காய்ச்சலிலும் நிற்பான்.
கம்பத்துக்கு நடுவே நான் நிற்பதெல்லாம்
யாரும் பார்க்காத இந்த ஆட்டங்களில்தான்.
சாங்கி சரக்குக் கிடங்கில்
வார இறுதி ஷிஃப்ட் பார்க்கும் அம்மாவுக்கு
நான் பந்து பிடிப்பேன் என்பது
ஒரு செவிவழிச் செய்தி.

ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தோம்.
வியாழக்கிழமை என் சுண்டுவிரல் ஒடிந்தது.
கை சும்மாதானே இருக்கு என்று
கேமராவைக் கொடுத்தார்கள்.

மூன்றாம் மாடித் தாழ்வாரத்திலிருந்து
எல்லாம் தெரிகிறது, தெரியக் கூடாததும்.
தினகர் முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.
போன வாரம்வரை இடதுகாலால் உதைத்து உதைத்துக்
கார் நிறுத்துமிடத்துக்குப் பந்தை அனுப்பிய இர்ஃபான்
இன்று வலதுகாலை விட்டு இறங்கவில்லை.
யாரும் தப்பு செய்யவில்லை.
தப்பில்லாத பயிற்சி
எழுதாத நோட்டு மாதிரி,
புதுசாய், மார்க் போட ஒன்றுமில்லாமல்.

வெய் ஜியே மட்டும் செய்தான்.
பின்னால் தட்டிய பந்து சொந்தக் கோலுக்குள்.
எட்டு விநாடி.
அவன் சாக்ஸை இழுத்துவிட்டு நிமிர்வதற்குள்
அது யார் யார் கைப்பேசிக்கோ போய்விட்டது,
பின்னணி இசையோடு.

திரையின் மூலையில் எண்: நூற்று நாற்பது.

அப்புறம் மின்னல் எச்சரிக்கை.
கம்பத்தில் விளக்கு சுழல, ஒலி நீள,
இருபத்திரண்டு பேரும் கூரைக்கு ஓடினார்கள்.
நான் அணைக்கவில்லை.
புல். கோல் கம்பம். கவிழ்ந்த தண்ணீர் புட்டி.
வருவேன் வருவேன் என்று ஏய்க்கும் மழை.
எண் இறங்கியது. அறுபது. முப்பது.
பதினொன்றில் நின்றது.

யார் இந்தப் பதினொரு பேர்?
ஒருவர், ஏப்ரலில் எதிரே நிற்கப்போகும் பயிற்சியாளர்,
நோட்டும் பேனாவுமாக.
ஒருவர், பார்த்தபடியே தூங்கிப்போனவர்.
மிச்சம் ஒன்பது பேருக்கு
வெறும் திடலில் என்ன வேலை?

கூரைக்குக் கீழே, கேமரா எட்டாத சிமெண்டுத் தரையில்,
இர்ஃபான் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தான்.
இடதுகால். தப்பு. இடதுகால். தப்பு. தப்பு.
வெய் ஜியே பந்தை எடுத்து எடுத்துக் கொடுத்தான்.
கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.
திருப்பவில்லை.

இரவு, ஷூவைக் கழற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்:
"பார்த்தேன்டா. கை ஒழிஞ்சு பார்த்தப்போ வெறும் புல்லுதான்."
நான்தான் அதில் இல்லையே என்றேன்.
"ஃபோனைப் பெட்டி மேல ஓடவிட்டிருந்தேன்.
'பின்னாடி ஆளு, பின்னாடி ஆளு'ன்னு நீ கத்தினது கேட்டுச்சு.
அந்தப் பையன் சொந்தக் கோல் போட்டப்போ
நீ சொன்ன வார்த்தையும் கேட்டுச்சு.
கிடங்கே கேட்டுச்சு."